பார்க்காத பனி

மே 28, சமேட்டி

வந்து சேர்ந்தேன். தென்காசியிலிருந்து மூன்று ரயில், இரண்டு பஸ், கடைசியில் ஒரு ஜீப். ஜீப்பில் பக்கத்து அம்மாளின் கோழி என் மடியில்தான் வந்தது. இடுப்பு போயே போச்சு.

தங்குமிடக்காரர் லோக் பகதூர் நேபாளி. நாற்பது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையை நான் வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே, "வாங்கண்ணா, டீ குடிக்கறீங்களா?" என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஏழு வருடம் இருந்தாராம். இமயமலையில் கொங்குத் தமிழ்! போன வருடம் நாங்கள் வந்தபோது இந்த இடத்தில் வேறு ஆள் இருந்தார்.

எங்கள் சிற்றாறு நடைக்குழுவில் ஒரு வழக்கம். பெரிய மலைக்குக் குழு வருவதற்கு முன்பே ஒருவர் தனியாக வந்து, கணவாய் வரை ஏறி, பனியின் நிலைமையைக் கண்ணால் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். 'முன்னடி' என்று பேர். அதற்கென்று ஐந்து கேள்விகள் இருக்கின்றன. பனி எங்கே தொடங்குகிறது? விடியற்காலையில் எவ்வளவு இறுக்கம்? எத்தனை மணிக்கு மேல் கால் புதையும்? ஓடையை மூடிக் கிடக்கும் பனி ஆளைத் தாங்குமா? சரிவில் ஏற ஷூவில் இரும்பு ஸ்பைக் மாட்ட வேண்டுமா? வழிகாட்டி, கூலியாள் எல்லாம் நாங்கள் வைப்பதில்லை. முன்னடி எழுதியதுதான் வழிகாட்டி. ஏழு வருடமாக முன்னடி நான்தான். மருந்துக்கடைக்காரன் எழுத்து, அளவு தப்பாது என்று ஒரு பேர்.

லோக் பகதூர் டீயை வைத்துவிட்டு, "இந்த வருசம் பனி செரியில்லீங்கண்ணா" என்றார். "தை மாசம் விழுகோணும். சித்திரையில வந்து விழுந்துச்சு. பழைய பனின்னா இறுகிக் கெடக்கும். இது புதுசு. மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும், அடியில தண்ணி தின்னுட்டே இருக்கும்."

நான் பையிலிருந்து போன வருட அறிக்கையை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பனி உருகி ஆத்தோட போயிருச்சுங்கண்ணா" என்றார்.

குசும்புக்காரர்.

மே 29

புல்வெளி முகாம். ஆறு மணி நேர ஏற்றம். வலது முட்டி முனகுகிறது. நாளை விடியுமுன் கணவாய்க்குப் புறப்பட வேண்டும். கூடாரத்துக்கு வெளியே நின்று பார்த்தால் முதல் சரிவு மட்டும்தான் தெரிகிறது. ஓடையும் கணவாயும் அதற்கு அந்தப் பக்கம்.

மே 30, சமேட்டி

போய் வந்தேன். ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிக் குழுவில் போட்டாகிவிட்டது. முட்டி வலி. படுக்கிறேன்.

மே 31

துணி துவைத்தேன். ஓடையில் கால் வைத்ததில் பேண்ட் நனைந்துவிட்டது. நல்ல வெயில், ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. காலுறை மட்டும் இன்னும் ஈரம்.

குழுவில் ஒரே கொண்டாட்டம். என் மச்சினன் உலகநாதன், என் மனைவி பிரமுவின் தம்பி, 'அத்தான்னா அத்தான்தான்' என்று போட்டிருக்கிறான். 'ஓடைப் பனி உறுதி, யானையே போகலாம்' என்று நான் எழுதியிருந்ததை வெட்டி எடுத்து, யானைப் படம் போட்டு, ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். ஐம்பத்து நாலு வயதில் தனியாகக் கணவாய் ஏறியவருக்கு வாழ்த்துகள் என்று யாரோ ஒரு வக்கீல்.

மதியம் லோக் பகதூர் பருப்பு ஊற்றிக்கொண்டே, "நேத்து பன்னெண்டு மணிக்கே எறங்கி வந்துட்டீங்களேண்ணா" என்றார். "கணவாய் போயிட்டு வந்தா எனக்கே சாயங்காலம் ஆயிருமுங்க."

"வேகமா நடந்தேன்."

"செரிங்கண்ணா."

அந்த 'செரிங்கண்ணா' எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கரண்டி பருப்பு கூடுதலாக ஊற்றினார், அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 2

காலையிலிருந்து மழை. மேலே பனியாக விழுந்துகொண்டிருக்கும். எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்?

நான் கணவாய்க்குப் போகவில்லை. முதல் சரிவிலேயே திரும்பிவிட்டேன்.

அன்று காலை ஐந்தரை மணிக்குப் பனி கண்ணாடியாய்க் கிடந்தது. ஸ்பைக் என் பைக்குள் இருந்தது. போன வருடம் இதே நாட்களில் மாட்டாமல்தானே ஏறினோம் என்று மாட்டவில்லை. நாற்பது அடி ஏறியிருப்பேன். இடது கால் வழுக்கியது. பத்தடி சறுக்கினேன், பதினைந்தடியாகவும் இருக்கலாம். கைத்தடி எதிலோ மாட்டியதால் நின்றேன். கீழே பாறைகள். எழுந்திருக்க முடியவில்லை. இருபது நிமிடம் அப்படியே குந்திக் கிடந்தேன். பேண்ட் நனைந்தது அங்கேதான், பயத்தில். ஓடையை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்தவாக்கிலேயே தேய்த்துக்கொண்டு இறங்கினேன். முகாமில் அடுப்பு மூட்டி, டீ போட்டுக் குடித்துவிட்டு, போன வருட அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் இரண்டு பதில் நான் பார்த்தது. மற்ற மூன்றும் போன வருடத்தது. 'யானையே போகலாம்' என்பதுகூடப் போன வருட வாசகம்தான். சரிவில் ஸ்பைக் தேவையில்லை என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. தேவை என்று எழுதினால், உனக்கு எப்படித் தெரியும், வழுக்கினாயா என்று கேட்பார்களே என்று நினைத்தேன். இதுதான் என் புத்தி.

முப்பது வருடம் கடை வைத்திருக்கிறேன். காலாவதி தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை யாருக்கும் கொடுத்ததில்லை.

திரும்பினேன் என்று எழுதியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அதுவும் எனக்குத் தெரியும். போன வருடம் உலகு அதே சரிவில் கால் நடுங்கி, "அத்தான், என்னால முடியாது" என்று திரும்பினான். நான் மேலே போய் வந்தேன். ஊருக்கு வந்ததும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். சரிவைக் கண்டதும் மச்சினனுக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டது என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னேன். பந்தியே சிரித்தது. அவனும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

நாளை வருகிறார்கள். வந்ததும் சொல்லிவிடுவேன்.

ஜூன் 3

சொல்லவில்லை.

நான்கு பேர் வந்தார்கள். உலகு, கணியப்பன், அவர் தம்பி சிவகுரு, பிறகு உலகுவின் மனைவி மரகதம். அவள் பெயர் பட்டியலில் இல்லை. ஜீப்பிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னண்ணே, பேயக் கண்டது மாதிரி பாக்குதீங்க?" என்று சிரித்தாள். "உங்க அறிக்கையப் படிச்சுட்டுத்தான் கெளம்பினேன். இவ்வளவு சுளுவா இருக்குன்னா நானும் வாரேன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டு ஐயாவ இந்தத் தடவ மேல ஏத்தாம விடமாட்டேன்லா."

உலகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஏறிட்டுத்தான் அத்தான் மறுவேல" என்றான். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தது.

டீ குடிக்கும்போது வாயைத் திறந்தேன். "உலகு, அந்த ஓடையில..." என்று ஆரம்பித்தேன். "யானையே போலாம்!" என்று கணியப்பனும் சிவகுருவும் ஒரே குரலில் கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் சுமையைக் குறைக்கிறோம் என்று நான்கு ஜோடி ஸ்பைக்கையும் ஒரு சாக்குப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். "நீங்கதான் வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே, எதுக்கு இந்த இரும்ப சொமக்கணும்?" என்றான் உலகு. வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். முன்னடி விரும்பினால் கீழே தங்கிவிடலாம் என்பது வழக்கம். முட்டி வலி வேறு இருக்கிறது. எல்லாம் வசதியாகத்தான் அமைகிறது எனக்கு.

ஜூன் 4

காலை ஏழு மணிக்குப் போனார்கள். திட்டம்: இன்று புல்வெளி, நாளை அங்கேயே ஓய்வு, ஆறாம் தேதி விடியற்காலை கணவாய். மரகதம் திரும்பித் திரும்பிக் கையசைத்தாள். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 5, புல்வெளி முகாம்

காலையில் சாக்குப்பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். லோக் பகதூர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வாயைக் கொப்பளித்தார்.

"அவிய எனக்கு முந்தாநாளே சொன்னாங்கண்ணா, ஸ்பைக் வேண்டாம்னு நீங்க எழுதிட்டீங்கன்னு. நான் ஒண்ணும் பேசல. விருந்தாளி வெவகாரம். ஆனா தப்பு எம்பேர்லயும் இருக்குதுங்க." தங்குமிடத்துக் கதவைச் சாத்தினார். "வாங்க, போலாம். பைய இங்க குடுங்க."

அவ்வளவு நேராக யாரும் என்னிடம் பேசி ரொம்ப நாளாயிற்று. வழியில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், பேண்ட் நனைந்தது உட்பட. அதற்கு அவர் சிரிக்கவில்லை. "பயம் வந்தா திரும்போணும். அதுல என்ன இருக்குதுங்க? எழுதினதுதான் தப்பு. மேல போனதும் மொதல்ல அதச் சொல்லிப்போடுங்க."

சொல்லிப்போடுகிறேன் என்றேன்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி முகாமுக்கு வர மூன்று மணி ஆனது. மரகதம்தான் முதலில் பார்த்தாள். "ஐயோ, அண்ணன் வந்திருக்காக!" என்று ஓடி வந்தாள். நான் பையை இறக்கினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். இதுதான் நேரம். லோக் பகதூர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாந் தேதி மழை பெஞ்சிருக்கு" என்றேன். "சரிவு இறுகியிருக்கும். அதான் ஸ்பைக் கொண்டாந்தேன்."

பொய்யில்லை. ஆனால் பொய்தான்.

"இந்த முட்டியோடயா!" என்று கணியப்பன் கும்பிட்டார். உலகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், போன வருசம் உங்கமேல கொஞ்சம் வருத்தம் இருந்துச்சு. இன்னைக்கு அது போச்சு." அவன் கண் கலங்கியிருந்தது.

லோக் பகதூர் அடுப்புப் பக்கம் போய்விட்டார். பிறகு என் தட்டில் சோறு போடும்போது, "ஓடை?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கு நானும் கூட வருகிறேன், ஓடையை நானே முதலில் பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். அப்படிச் செய்தால் யாரும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். இதை எழுதும்போது எனக்கே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

ஜூன் 7, மாவட்ட மருத்துவமனை

நேற்று எழுத முடியவில்லை.

விடியற்காலை நான்கரைக்குப் புறப்பட்டோம். ஸ்பைக் மாட்டியதால் முதல் சரிவை எல்லோரும் ஏறிவிட்டார்கள். உலகு மேலே போய் நின்று இரண்டு கையையும் தூக்கினான். நான்தான் பின்தங்கினேன். முட்டி ஒரு பக்கம், அந்த இடத்தில் திரும்ப வந்த பயம் ஒரு பக்கம். லோக் பகதூர் என் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மேலே வந்து சேர்ந்தபோது அவர்கள் நூறடி தள்ளி ஓடைக்கரையில் நின்றார்கள்.

இந்த வருடம் அப்போதுதான் அந்த ஓடையை முதல் தடவையாகப் பார்த்தேன். அகலம் இருபதடி. மேலே வெள்ளை வெளேர் என்று பனி மூடியிருந்தது. நடுவில் மட்டும் லேசான பள்ளம், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அடியில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

"அது தாங்காதுங்கண்ணா" என்றார் லோக் பகதூர் என் காதருகே. "கூப்புடுங்க. நில்லுன்னு சொல்லுங்க."

கூப்பிட்டேன். "கொஞ்சம் நில்லுங்க!" என்றேன். மரகதம் திரும்பிப் பார்த்தாள். "யானையே போகும்னா நான் போகமாட்டேனாண்ணே?" என்று சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தாள். நில்லுங்க என்றுதானே சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு நொடியில்கூட நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் மூன்றாவது அடி வைத்த பிறகுதான், "நான் பாக்கல தாயி! நான் இங்க வரவே இல்ல!" என்று கத்தினேன். அவள் நின்றாள். நின்ற இடம் நடு இடம்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. பொத்தென்று இடுப்புவரை போனாள், பிறகு மார்புவரை. பையின் வார் ஓரத்துப் பனியில் மாட்டியது. உலகு குப்புறப் படுத்து அவள் கையைப் பிடித்தான், அவன் காலைக் கணியப்பனும் சிவகுருவும் பிடித்தார்கள். லோக் பகதூர் கயிற்றோடு ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நாலு நிமிடம் இருக்கும். வெளியே இழுத்தபோது உதடு நீலமாக இருந்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்தது. அவள் கத்தவில்லை. பல் கிட்டியிருந்தது.

எல்லோருடைய உடுப்பையும் கழற்றி அவளுக்குச் சுற்றினோம். கூடாரத் துணியைக் கைத்தடியில் கட்டித் தூக்கினோம். சரிவில் கயிறு கட்டி இறக்கினார் லோக் பகதூர். ஜீப் ரோட்டுக்கு வர பத்து மணி நேரம். முன்பக்கம் உலகு விடவே இல்லை, தோள் மாற்றவும் இல்லை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவை நான் தூக்கப் போனேன். "வேண்டாம்" என்றான் உலகு. அவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. இன்று காலை ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். கால் பிழைத்துவிட்டது என்றார் டாக்டர். நடக்க மூன்று மாதம், நான்கு மாதம் என்கிறார்கள்.

ஜூன் 8

பிரமு போன் செய்தாள். யார் என்ன சொல்லி வைத்தார்களோ, பதறிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் உலகு போனை என் கையிலிருந்து வாங்கி, "அக்கா, மரகதத்துக்குக் கால்ல அடி, பயப்படாத. எந்தப்புதான். அத்தான் நில்லுன்னுதான் சொன்னாக. நாந்தான் அவசரப்பட்டு அவளப் போகச் சொன்னேன். கணவாய்க்கும் போகல, திரும்பிட்டோம்" என்றான்.

பிரமுவின் குரல் எனக்கே கேட்டது. மரகதத்துக்காக முதலில் அழுதாள். பிறகு தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு எதுக்குல மலையும் மண்ணாங்கட்டியும்? போன வருசமே அவுக சொன்னாகளே, ஒன்னால ஆகாதுன்னு!" என்றாள். கொஞ்சம் சிரித்தாள்கூட. அவன் "ஆமாக்கா, ஆமாக்கா" என்றான்.

போனை வாங்கியிருக்கலாம். ஒரு முழம் தூரம்தான் இருந்தது. வாங்கவில்லை.

ஜூன் 9

காலையில் உலகு மருந்து வாங்கப் போனபோது நான் மட்டும் மரகதத்தின் பக்கத்தில் இருந்தேன். மூன்று நாளாக என் பக்கம் திரும்பாதவள், கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதுவரைக்கும் போனீங்கண்ணே?"

"மொத சரிவு. நாப்பதடி."

"அங்கேருந்து ஓடை தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு எழுதியிருந்தா நான் மொதல்ல ஒரு கம்ப விட்டுக் குத்திப் பாத்திருப்பேன்" என்றாள். "அவ்வளவுதான். உங்க மேல யாரும் சிரிச்சிருக்க மாட்டோம்."

நான் சிரித்திருப்பேன் தாயி என்றேன். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். அதனால்தான் எழுதவில்லை.

வெளியே வந்து பிரமுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டாள். பிறகு விம்மினாள். "நேத்து எந்தம்பியப் பாத்து சிரிச்சேனே, பாவி நான்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடைய நான் பாத்துக்கிடுதேன். அவ எந்திரிச்சு நடந்து, அவ வீட்டு வாசல்ல அவள விட்டுட்டு, அதுக்கப்புறம் நம்ம வீட்டுக்கு வாங்க. அதுவரைக்கும் வராதீங்க" என்று வைத்துவிட்டாள்.

திரும்பினால் உலகு மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"நான்தான் ஒரு மாதிரி சொல்லி முடிச்சேன்லா அத்தான். எதுக்கு மறுபடி எடுத்தீங்க?"

"உண்மைய மறைக்க மனசு வரல உலகு."

"இப்ப மனசு வரல. ஒரு வாரம் வந்துச்சு" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "உங்களுக்கு லேசாகணும்னு எங்கக்காவ அழ வச்சுட்டீங்க." உள்ளே போய்விட்டான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. லேசாகவும் இல்லை எனக்கு.

மத்தியானம் அவன் கொஞ்சம் கண்ணயர்ந்தான். மரகதம் குடிக்க வெந்நீர் கேட்டாள். வேறு யாரும் இல்லாததால் என்னிடம்தான் கேட்டாள். கேன்டீனில் வாங்கி, இரண்டு தம்ளரில் ஆற்றி, என் வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சூடு பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் தாயி. குடிக்கலாம்."

தம்ளரை வாங்கினாள். விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு குடித்தாள்.